சிலேட்டை மாற்றிக்கொண்ட நண்பர்கள்... திருவல்லிக்கேணி டு கேம்பிரிட்ஜ் - ராமானுஜனைக் கரை சேர்த்த மனிதர்கள்!

வேலை தேடிச் சென்னைக்கு வரும் வெளியூர் இளைஞர்களுக்குத் திருவல்லிக்கேணி இன்றைக்கும் தெரிந்த முகவரி. குறுகலான மேன்ஷன் அறை, தெருமுனை மெஸ், கொடியில் காயும் சட்டைகள். வேலை கிடைக்கும்வரை அறையில் ஒரு பாய் விரிக்க இடம் கொடுக்கும் ஊர்க்காரர் ஒருவர், மெஸ் கணக்கைச் சத்தமில்லாமல் தீர்த்துவிடும் நண்பர் ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு கதை இருக்கும்.

நூறு வருடங்களுக்கு முன்பு கும்பகோணத்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கும் இந்தப் பகுதியில் அப்படிப்பட்ட நண்பர்கள் கிடைத்தார்கள். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கணித மேதை என்று பாடப்புத்தகம் சொல்லும் அதே ராமானுஜன்தான். அந்தக் கப்பல் பயணத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை பேருடைய கைகள் அவரைத் தாங்கின என்பது திருவல்லிக்கேணி, துறைமுகம், கேம்பிரிட்ஜ், சேத்துப்பட்டு என்று இடம் இடமாகப் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

இரண்டு கல்லூரி, இரண்டிலும் தோல்வி

ராமானுஜன் பிறந்தது 1887-ம் ஆண்டு டிசம்பர் 22, ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். மிகச் சாதாரணமான குடும்பம்.

பள்ளிக்கூடத்தில் பரிசுகள் வாங்கிக் குவித்த பையன் கல்லூரியில் தடுமாறினார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தேறவில்லை. 1909-ல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. இருந்ததெல்லாம் சூத்திரங்கள் நிரம்பிய நோட்டுப் புத்தகங்கள்தான்.

அந்த நிலையில் சென்னைக்கு வந்தவரைக் கும்பகோணத்துப் பழைய நண்பர்கள் தங்கவைத்தார்கள். சில காலம் ஒருவர் வீடு, சில காலம் இன்னொருவர் அறை. சேப்பாக்கத்தில் மாநிலக் கல்லூரியின் விக்டோரியா விடுதி அறையிலும் அவர் தங்கியிருக்கிறார். செலவுக்கு டியூஷன் எடுத்துப் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. பாடத்தில் இருக்கும் கணக்கை விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறார் என்பது மாணவர்களின் குறை!

இந்த நோட்டுகளை நீ வைத்துக்கொள்

அந்த நாள்களில் ராமானுஜனுக்கு உடல்நிலை மோசமானது. பச்சையப்பன் கல்லூரியில் உடன் படித்த ராதாகிருஷ்ண ஐயர் அவரைத் தன் இடத்துக்கு அழைத்துப் போனார். டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். பக்கத்திலிருந்து கவனிக்க ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்ல, கும்பகோணம் போகும் ரயிலில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

ரயிலேறும் முன்பு ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகங்களை அந்த நண்பரிடம் ஒப்படைத்தார். தான் இறந்துபோனால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ அவற்றைக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

உலகமெங்கும் கணித அறிஞர்கள் இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கும் நோட்டுகள் அவை. ஒருகாலத்தில் அவற்றுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, ஒரு நண்பர் மீது வைத்த நம்பிக்கை மட்டும்தான்!

திருக்கோவிலூர் முதல் நெல்லூர் வரை

உடம்பு தேறியதும் ராமானுஜன் 1910-ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், வேலை கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவரை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் போட்டு மூச்சுமுட்ட வைக்கத் தனக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

வேலைக்குப் பதிலாக ஒரு கடிதம் கொடுத்தார். அது சென்னையில் பேராசிரியர் பி.வி.சேஷு ஐயருக்கு. கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனை முன்பே அறிந்தவர் அவர். சேஷு ஐயரிடமிருந்து அடுத்த சிபாரிசு, நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவுக்கு.

சவரம் செய்யாத முகம், கசங்கிய உடை, கக்கத்தில் கிழிந்த நோட்டு, ஆனால் பளபளக்கும் கண்கள். முதல்முறை பார்த்தபோது ராமானுஜன் எப்படி இருந்தார் என்று ராமச்சந்திர ராவ் இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் கணக்குப் போட ஓய்வு வேண்டும், அதற்கு எளிய சாப்பாடு கிடைத்தால் போதும் என்பதே பதிலாக இருந்தது.

மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார் ராமச்சந்திர ராவ். சுமார் ஒரு வருடம் அது தொடர்ந்தது. உதவித்தொகைக்கான மற்ற முயற்சிகள் கைகூடவில்லை. இன்னொருவருக்கு நீண்ட நாள் பாரமாக இருக்க ராமானுஜனுக்கு விருப்பமில்லை. 'எனக்கு ஒரு வேலை போதும்' என்ற முடிவுக்கு வந்தார்.

பத்துப் படி இறங்கி வா!

சென்னை கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலைக்கு வந்தால், எதிரே துறைமுகத்தின் நீண்ட மதில் தெரியும். இந்தத் துறைமுகத்தின் அலுவலகத்தில்தான் 1912-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதி ராமானுஜன் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். பக்கத்திலேயே ஜார்ஜ் டவுன், சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார்.

காகிதம் வாங்கக் காசில்லை. துறைமுகத்தில் சரக்குகளைச் சுற்றிவரும் தாள்களைத் தேடி எடுத்து அதில் கணக்குப் போடுவார். அலுவலகத்தின் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். அவருக்கு அடுத்த நிலையில் எஸ்.நாராயண ஐயர். கணிதம் படித்துவிட்டு, கல்லூரியில் பாடமும் நடத்தியவர். குமாஸ்தாவின் கையில் இருப்பது என்ன என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலையில் நாராயண ஐயரின் வீடு. இன்றைக்கு அந்தச் சாலையின் பெயர் பாரதி சாலை. பழைய புத்தகக் கடைகளைத் தேடி வருபவர்களுக்கு நன்கு தெரிந்த சாலை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். பலப்பம் உரசும் சத்தம் நள்ளிரவு நெருங்கும்வரை கேட்கும் என்று நாராயண ஐயரின் மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவுவார். நடுவில் என்ன நடந்தது என்று நாராயண ஐயருக்கே பிடிபடாது. உன் இரண்டு வரிகளுக்கு நடுவே பத்து வரியாவது எழுது, என் நிலைக்கு இறங்கி வா என்று அவர் கேட்பாராம். இவருக்கே புரியாவிட்டால் இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரியும் என்பது அவர் கவலை. மேலதிகாரி தன் குமாஸ்தாவிடம் பாடம் கேட்ட வீடு அது!

கடல் தாண்ட ஒரு ஊரே உழைத்தது

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.ஹெச்.ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் உலகறிந்தது. ஹார்டி உடனே அவரை இங்கிலாந்துக்கு அழைக்க விரும்பினார். ஆனால், கடல் தாண்டினால் சாதியிலிருந்து விலக்கிவைக்கும் காலம் அது. ராமானுஜன் மறுத்துவிட்டார். இதற்கிடையே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தது. பார்த்தசாரதி கோயிலுக்கு அருகே அனுமந்தராயன் கோயில் தெருவில் வீடு.

1914-ன் தொடக்கத்தில் சென்னைக்கு விரிவுரை ஆற்ற வந்தார் ஈ.எச்.நெவில். கேம்பிரிட்ஜ்காரர். வயது 25. ராமானுஜனைவிட ஒரு வயது இளையவர். மூன்று முறை சந்தித்துப் பேசியதில் இருவருக்கும் நட்பு உண்டாகிவிட்டது. அழைப்பை மறுபடி எடுத்தபோது, இந்த முறை ராமானுஜன் சம்மதித்தார். நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததால் அம்மா கோமளத்தம்மாள் மனம் மாறினார் என்று சொல்லப்படுகிறது.

அதன் பிறகு ஆளுக்கொரு வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். நெவில் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் லிட்டில்ஹெயில்ஸ் பரிந்துரைத்தார். ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், கவர்னர் அலுவலகம்வரை பேசினார். வருடத்துக்கு 250 பவுண்டு வீதம் இரண்டு வருடங்களுக்கு உதவித்தொகை, பயணத்துக்கும் உடைகளுக்கும் 100 பவுண்டு என்று பல்கலைக்கழகம் ஒதுக்கியது.

பணம் கிடைத்தால் போதுமா? கோட்டு, காலர், ஷூ வாங்க வேண்டும். லிட்டில்ஹெயில்ஸ் தன் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுத் தொட்டியில் ராமானுஜனை உட்காரவைத்துக் கடை கடையாகக் கூட்டிப் போனார். கத்தி, முள்கரண்டி பிடித்துச் சாப்பிடும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ராமச்சந்திர ராவ் ஏற்பாடு செய்தார். அப்போதும் சைவ உணவு மட்டும்தான் என்பது நிபந்தனை. குடுமியும் போனது. அந்தக் கோலத்தை அம்மா பார்க்க வேண்டாம் என்பதால், அம்மாவும் மனைவியும் முன்பே ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

மார்ச் 17, காலை 10 மணி

1914-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி காலை 10 மணி அளவில் எஸ்.எஸ். நெவாசா கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. வழியனுப்ப நகரத்தின் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். ராமானுஜன் கண்கலங்கி நின்றார்.

அந்தக் கூட்டத்தில் நாராயண ஐயரும் இருந்தார். அவர் நண்பரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சிலேட்டுகளை மாற்றிக்கொள்வோமா? இத்தனை இரவுகள் ராமானுஜன் எழுதி அழித்த சிலேட்டு தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். தன்னுடையதைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

எவ்வளவோ செய்த மனிதர், விடைபெறும்போது கேட்டது நாலணா பெறாத ஒரு பழைய சிலேட்டை!

புளியும் போர்வையும்

ஏப்ரல் 14-ம் தேதி கப்பல் லண்டன் சேர்ந்தது. நெவில் தன் அண்ணனோடு காரில் வந்து காத்திருந்தார். நான்கு நாள்கள் கழித்து, கேம்பிரிட்ஜ் செஸ்டர்டன் சாலையில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். கேம் நதிக்கு வடகரையில் இருக்கும் குடியிருப்புப் பகுதி அது. முன்பின் தெரியாத தேசத்தில் ராமானுஜன் முதலில் குடியிருந்தது விடுதியில் அல்ல, ஒரு நண்பரின் வீட்டில். புதிதாகக் கல்யாணமான நெவிலும் அவர் மனைவி ஆலிஸும் ஜூன் தொடக்கம்வரை அவரைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு டிரினிட்டி கல்லூரியின் வியூவெல்ஸ் கோர்ட் கட்டடத்துக்கு மாறினார். ஹார்டியின் அறைக்கு ஐந்து நிமிட நடைதான். கல்லூரிச் சமையலில் நம்பிக்கை இல்லாததால் அறையிலேயே பொங்கிச் சாப்பிட்டார். ஊரிலிருந்து பார்சல்கள் வந்தன. ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வேறு எதுவும் அனுப்ப வேண்டாம், முடிந்தால் கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் போதும் என்று எழுதியிருக்கிறார். கும்பகோணத்துச் சமையலறையைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், அவர் எதற்கு ஏங்கினார் என்று புரிந்துவிடும்.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மஹலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்கு வந்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர் இவர்தான். ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டு சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். போர்வை இல்லையா என்று மஹலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். போர்வைகள் எல்லாம் மெத்தையோடு ஒழுங்காகச் செருகப்பட்டு அப்படியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை! மஹலனோபிஸ் பிரித்துக் காட்டினார்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியது. பார்சல்கள் வருவது சிரமமானது. 1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். ஒரு சிகிச்சை இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். மேட்லாக் என்ற மலைப்பகுதிச் சிகிச்சை இல்லத்தில் இருந்தபோது, இங்கிலாந்தில் பணியாற்றிய ஏ.எஸ்.ராமலிங்கம் என்ற தமிழ் இன்ஜினீயர் அவரைத் தேடிப் போய்ச் சில நாள்கள் உடனிருந்தார். ராமானுஜன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கவலைப்பட்டு ஹார்டிக்கு நீளமான கடிதம் எழுதினார். கணிதத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. நம்ம ஊர்ப் பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்ற தவிப்புதான்.

மிச்சப் பணத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்

1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அதே வருடம் டிரினிட்டி கல்லூரியும் ஃபெல்லோஷிப் கொடுத்தது. இரண்டு கல்லூரிகளில் தோற்றவரைத் தேடிப் பெருமைகள் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகம், ஊர் திரும்பிய பிறகும் வருடம் 250 பவுண்டு தருவதாக அறிவித்தது.

அதற்கு 1919-ம் ஆண்டு ஜனவரி 11-ம் தேதி பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு அவர் எழுதிய பதில் கடிதம் இருக்கிறது. உதவியை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறார். கூடவே, இந்தத் தொகை தன் தேவைக்கு மிக அதிகம் என்கிறார். பெற்றோருக்கு வருடம் 50 பவுண்டு போக, தன் அவசியச் செலவுகளும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். உடல்நலக் குறைவால் இரண்டு வருடங்களாக முன்புபோல் கணிதம் செய்ய முடியவில்லை, கிடைத்த உதவிக்குத் தகுதியானவனாக இருக்க முடிந்ததைச் செய்வேன் என்றும் எழுதுகிறார்.

எழுதியபோது அவருக்கு வயது 31. நோயாளி. பள்ளிக் கட்டணம், புத்தகம் என்று அவர் குறிப்பிட்டுக் கேட்டது தற்செயல் அல்ல. காகிதத்துக்குக் காசில்லாமல் பொட்டலத் தாள் பொறுக்கியவர் அவர். தனக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்யும் நிலையில் அவர் இல்லை. அவர்களில் பலருக்கு அந்தத் தேவையும் இல்லை. அதனால் வாங்கியதை அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தார்.

சேத்துப்பட்டில் கடைசி நாள்கள்

1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். ஒரு வருடம்தான். சிகிச்சைக்காகச் சென்னை சேத்துப்பட்டில் தங்கியிருந்தபோது, வீடு கொடுத்து உதவியவர் நம்பெருமாள் செட்டி. உயர் நீதிமன்றம் உட்பட சென்னையின் சிவப்புக் கட்டடங்கள் பலவற்றைக் கட்டிய அதே நம்பெருமாள் செட்டிதான். படுத்த படுக்கையிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ராமானுஜன், 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி தன் 32-வது வயதில் காலமானார்.

கடல் தாண்டியவர் என்பதால் உறவினர்கள் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. அதற்கான ஏற்பாட்டைச் செய்தவர் ராமச்சந்திர ராவ் என்று வாழ்க்கை வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. பத்து வருடங்களுக்கு முன்பு, கிழிந்த நோட்டோடு வந்த இளைஞருக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்தவர், கடைசிவரை கூடவே இருந்தார்.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. திண்ணையும் சிறிய அறையும் உள்ள ஓட்டு வீடு. தெருவின் கோடியில் சாரங்கபாணி கோயில் கோபுரம் தெரியும்.

சென்னையில் ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. 1993-ல் இதைத் தொடங்கியவர் கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசன். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றியவர். ராமானுஜனின் நண்பர்களையும் உறவினர்களையும் தேடிப் பிடித்து அவர்களுடைய நினைவுகளையும் கடிதங்களையும் சேகரித்து 1968-ல் வெளியிட்டார். சாப்பாடு போட்டவர்கள், இடம் கொடுத்தவர்கள், ரயிலேற்றிவிட்டவர்கள் பற்றி இன்று நமக்குத் தெரிவதற்கு இந்த ஆசிரியரின் உழைப்பு முக்கியக் காரணம்.

திருவல்லிக்கேணியில் ஜானகி அம்மாளின் கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணவர் இறந்தபோது அவர் இளம்பெண். சில வருடங்கள் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணிக்கே திரும்பி வந்து, தையல் வேலையிலும் சிறிய பென்ஷனிலும் வாழ்ந்தார். 1950-ல் அவருடைய தோழி ஒருவர் இறந்துபோனார். தோழியின் சின்னஞ்சிறு மகனை ஜானகி அம்மாள் தன் மகனாக வளர்த்துப் படிக்கவைத்தார்.

ஏழைப் பிள்ளைகளின், அநாதைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று ராமானுஜன் லண்டனிலிருந்து எழுதிக் கேட்டார். அவர் மனைவி தையல் மெஷினை மிதித்து அதைச் செய்தார். ஜானகி அம்மாள் 1994-ல் மறைந்தார்.